‘எல்லாம்’ என்றால் எதுவரை?

வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பல இம்முறை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எல்லாம், சகலமும், முழுவதும், மற்றும் பிற. வாக்கியம் தொடர்பானவற்றுக்கு மொழிப் பக்கத்தைக் கவனிக்கும் ஆசிரியரும், பத்திரம் தொடர்பானவற்றுக்கு ஆவணங்கள் எழுதிப் பழகிய வழக்கறிஞரும் பதில் தருகிறார்கள்.

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வகுப்பாசிரியை, “சுற்றுலாப் பணத்தை எல்லாப் பெற்றோரும் கட்டவில்லை” என்று போட்டார். பணம் கட்டி ரசீது வாங்கியவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். தவறு யார் பேரில்?
– வாசகி, காரிமங்கலம்

ஆசிரியை இலக்கணப்படிதான் எழுதியிருக்கிறார். சண்டைக்கு வந்தவர்களும் இலக்கணப்படிதான் படித்திருக்கிறார்கள். அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவர்கூடக் கட்டவில்லை என்பது ஒன்று. கட்டியவர் போக இன்னும் சிலர் பாக்கி என்பது மற்றொன்று.

‘எல்லாரும்’ என்பதில் உள்ள ‘உம்’, முற்றும்மை. மிச்சமில்லாமல் அத்தனையையும் வளைத்துப் பிடிப்பது அதன் வேலை. ஆனால் எதிர்மறை வினை பின்னால் வந்தால் அது சில இடங்களில் மிச்சத்தைக் காட்டும் எச்சவும்மையாகிவிடும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் சொல்கின்றன. ‘எல்லாரும் வந்திலர்’ என்றால் சிலர் வந்தனர் என்பது பொருள். ‘பத்தும் கொடான்’ என்றால் சிலவற்றைக் கொடுப்பான். இன்றைய பேச்சு இந்த இரண்டாவது எடுத்துக்காட்டோடு ஒத்துப்போவதில்லை. ‘பத்துப் பேரும் வரவில்லை’ என்று இன்று சொன்னால் ஒருத்தரும் வரவில்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ‘எல்லாரும்’ மட்டும் இன்னமும் இரண்டு பக்கமும் சாய்கிறது.

நேரில் பேசும்போது இந்தச் சிக்கல் வராது. ‘எல்லாரும்’ என்பதை அழுத்தி, வினையில் குரலைத் தூக்கி நிறுத்தினால் ‘சிலர் பாக்கி’ என்று புரியும். சமமாகச் சொல்லி முடித்தால் ‘ஒருவரும் இல்லை’. எழுத்தில் குரல் கிடையாது. அதனால் பணம், வருகை, அனுமதி பற்றிய செய்தியில் ‘எல்லாரும்’ என்பதற்குப் பக்கத்தில் எதிர்மறை வினையை வைக்காதீர்கள். ‘யாரும் கட்டவில்லை’ என்றோ ‘ஏழு பேர் இன்னும் கட்டவில்லை’ என்றோ எழுதினால் போதும். எண்ணைப் போட்டாலும் ஒட்டுச் சொல்லில் கவனம் வேண்டும்: ‘பத்துப் பேர் வரவில்லை’ என்றால் வராதவர் பத்து; ‘பத்துப் பேரும் வரவில்லை’ என்றால் அழைத்த பத்தில் ஒருவரும் இல்லை; ‘பத்துப் பேர்கூட வரவில்லை’ என்றால் வந்தவர் பத்துக்கும் குறைவு.

பெங்களூரில் படிக்கும் பேரன் கேட்கிறான்: “காப்பியெல்லாம் வேண்டாம்னு சொல்றீங்களே தாத்தா, இருந்தது ஒரு டம்ளர் தானே?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், பாலக்கோடு

பேரன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். தமிழில் ‘எல்லாம்’ எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

பெயருக்கு முன்னால் ‘எல்லா’ என்று நின்றால் எண்ணிக்கை. ‘எல்லா மாம்பழத்தையும் வாங்காதே’ என்றால் சிலவற்றை வாங்கலாம். பெயருக்குப் பின்னால் போனால் கதை வேறு. ‘மாம்பழமெல்லாம் வாங்காதே’ என்றால் ஒன்றுகூட வாங்கக் கூடாது. மாம்பழம், அது மாதிரியான மற்ற வகை எதுவும் வேண்டாம் என்று பொருள். உங்கள் காப்பியும் இந்த வகைதான்: காப்பி, டீ, பலகாரம் என்ற உபசாரம் எதுவும் வேண்டாம் என்கிறீர்கள். டம்ளர் எத்தனை என்ற கணக்கு அதில் இல்லை.

ஒருமைப் பெயருக்குப் பின்னால் வந்து இடத்தைக் குறித்தால் பரப்பு: ‘வீடெல்லாம் தூசி’ என்றால் ஒரே வீட்டின் மூலை முடுக்கெல்லாம். ‘வீடுகளெல்லாம்’ என்றால்தான் பல வீடுகள். ஆளுக்குப் பின்னால் ஒருமையில் வந்தால் வியப்போ இளக்காரமோ: ‘அவனெல்லாம் தேர்தலில் நிற்கிறான்!’ நேரத்துக்குப் பின்னால் வந்தால் ‘அதற்குள்’ என்ற அவசரம்: ‘ஆறு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு’ என்பதில் ஆறு மணி ஒன்றே ஒன்றுதான், அதைத் தாண்டக் கூடாது என்பதே செய்தி. ‘அதெல்லாம் முடியாது’ என்பதில் ‘எல்லாம்’ மறுப்பைக் கெட்டிப்படுத்துகிறது, அவ்வளவுதான். கேட்டது ஒரே ஒரு உதவியாகக்கூட இருக்கலாம்.

இதனால்தான் அறிவிப்பு எழுதுகிறவர் ‘எல்லாம்’ என்பதைப் பெயருக்குப் பின்னால் போடாமல் இருப்பது நல்லது. ‘வண்டியெல்லாம் உள்ளே வரக்கூடாது’ என்று ஒரு கோயில் வாசலில் எழுதினால் பேச்சுத்தமிழில் தெளிவு. அதிலேயே ‘எல்லா வண்டிகளும் உள்ளே வரக்கூடாது’ என்று திருத்தினால் முதல் கேள்வியின் சிக்கல் திரும்ப வந்துவிடும். ‘எந்த வண்டியும் உள்ளே வரக்கூடாது’ என்பதே பிழைக்கு இடம் தராதது.

1971இல் அப்பா வாங்கிய கிரயப் பத்திரத்தில் “மாவடை, மரவடை, கிணறு, மாமூல் தடவழி பாத்தியம், நிதி நிட்சேபம், ஜல தரு பாஷாணம், சகல சர்வ பாத்தியங்களுடன்” என்று இருக்கிறது. இப்போது அதே வாசகத்தை அப்படியே போட்டு விற்கலாம் என்கிறார் பத்திர எழுத்தர். வாங்குபவரோ போர்வெல், மோட்டார், தடம், மலையடியில் இருக்கும் சந்தன மரம் எல்லாம் ‘சகலத்தில்’ அடங்கும் என்கிறார். அடங்குமா?
– வாசகர், ஊத்தங்கரை

ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ‘சகல’ என்ற ஒரே சொல் இந்த நான்குக்கும் ஒரே பதில் தராது.

முதலில் அந்த வாசகம். அஷ்டபோகம் என்று பழைய சாசனங்களிலிருந்து வரும் வரிசை அது: நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டு. புதையல், புதைத்து வைத்த பொருள், நீர், கல், நிலைத்த வருவாய், இனி வரப்போகும் பலன், கைக்கு வந்தது, இனி உண்டாக்கக் கூடியது என்று விரியும். அரசன் ஊரையே தானமாகக் கொடுத்த காலத்தில் அதற்கு முழுப் பொருள் இருந்தது. இன்று இரண்டு ஏக்கர் புஞ்சைக்கு எழுதும்போது அந்தச் சொற்களின் எல்லையைச் சட்டம் வேறு இடத்தில் போட்டு வைத்திருக்கிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ‘நிதி நிட்சேபம்’ என்று பத்திரத்தில் இருப்பது அந்தக் கடமையை நீக்காது. ‘பாஷாணம்’ என்று இருப்பதால் கல் வெட்டி விற்க முடியாது. அதற்கு 1959ஆம் ஆண்டுச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். இந்தப் பக்கத்து நிலங்களில் நடுகல் நிற்பது புதிதல்ல. நூறு ஆண்டைத் தாண்டிய சிற்பமும் கல்வெட்டும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. ‘பாஷாணம்’ அதற்கும் உதவாது.

சந்தன மரமும் அப்படித்தான். ‘மரவடை’யில் மரம் அடங்கும், உடைமை வாங்குபவருக்குப் போகும். ஆனால் பட்டா நிலத்துச் சந்தனமாக இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டவோ கொண்டுபோகவோ முடியாது. உடைமை வேறு, வெட்டும் உரிமை வேறு. விற்பவரிடம் இல்லாத உரிமையை எந்தப் பெரிய சொல்லாலும் மாற்றிக் கொடுக்க முடியாது.

இனி சட்டம் தானாகவே என்ன கொடுக்கிறது என்று பார்ப்போம். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. வேறு எண்ணம் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ தெரியாதவரை, விற்பவர் அன்று கொடுக்கக்கூடிய உரிமை முழுவதும் வாங்குபவருக்குப் போகும். நிலம் என்றால் அதோடு சேர்ந்த பாத்தியங்கள், கிரயத்துக்குப் பின் சேரும் வாடகை, வருமானம், மண்ணோடு பிணைந்த பொருள்கள் ஆகியவையும் போகும். ஆகவே ‘சகல சர்வ’ என்று எழுதாமல் விட்டாலும் இவை போகும். எழுதினாலும் இதற்கு மேல் பெரிதாக எதுவும் கூடிவிடாது.

போர்வெல் மண்ணோடு பிணைந்தது, போகும். மோட்டாரில்தான் தகராறு வரும். கழற்றி எடுத்துப் போகக்கூடியது என்று விற்றவரும், குழாயோடு இறக்கி நிலைநிறுத்தியது என்று வாங்கியவரும் வாதிடலாம். இரண்டு வரியில் முடித்துவிடுங்கள்: மோட்டார் எத்தனை எச்.பி., எந்தக் கம்பெனி, மின் இணைப்பு எண் என்ன, வைப்புத்தொகை யாருக்கு. மின் இணைப்பைப் பெயர் மாற்ற மின்வாரியத்துக்குத் தனி விண்ணப்பம் வேண்டும். பத்திரத்தில் ‘சகலமும்’ என்று இருந்தால் மட்டும் அங்கே பெயர் மாறாது. கிணறு பொதுக் கிணறாக இருந்தால் பங்கைப் பின்னமாக எழுதுங்கள். நாலில் ஒரு பங்கு வைத்திருப்பவர் ‘கிணறு சகிதம்’ என்று விற்றால் போவது அந்த நாலில் ஒன்றுதான். தண்ணீர் இறைக்கும் முறை நாள் இருந்தால் அதையும் சேருங்கள்.

தடம்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. பக்கத்துக்காரர் நிலத்தின் வழியே உங்களுக்கு ஏற்கெனவே பாத்தியம் இருந்தால் அது நிலத்தோடு போகும். ஆனால் உங்கள் நிலத்தின் ஒரு பாதியை விற்று, தடம் உங்களிடம் மிஞ்சும் மறுபாதியின் வழியே போகிறது என்றால், ‘மாமூல் தடவழி பாத்தியம்’ என்ற சொல்லுக்குப் பிடிமானம் குறைவு. தன் நிலத்திலேயே நடப்பதற்கு யாருக்கும் பாத்தியம் என்று ஒன்று கிடையாது, அது உடைமையின் பகுதி. வேறு வழியே இல்லாவிட்டால் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அவசியத் தடம் கிடைக்கும். சுற்று வழி ஒன்று இருந்துவிட்டால் அதுவும் கடினம். அத்தோடு 1971இல் ‘வண்டித் தடம்’ என்றால் மாட்டு வண்டி. இன்று வாங்குபவர் லாரி கொண்டு வருவார். அதனால் தடத்துக்கு இப்படி எழுதுங்கள்: எந்த சர்வே எண்ணில், எந்த வரப்பை ஒட்டி, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, எத்தனை அடி அகலம், எத்தனை அடி நீளம், ஆள், கால்நடை, டிராக்டர், லாரி இவற்றில் எவற்றுக்கு, குழாயும் மின்கம்பியும் அதே தடத்தில் போகலாமா. வரைபடத்தில் வண்ணம் போட்டுக் காட்டிப் பத்திரத்தோடு இணைத்துவிடுங்கள்.

கடைசியாகத் தபசில், அதாவது பத்திரத்தின் சொத்து விவரப் பகுதி. மேலே ‘சகலமும்’ என்று எழுதினாலும் கீழே சொத்து விவரத்தில் இல்லாத சர்வே எண் பத்திரத்துக்குள் வராது. செக்குபந்திக்குள், அதாவது பத்திரத்தில் சொன்ன நான்கு எல்லைக்குள், அடங்கும் நிலத்துக்கும் எழுதிய அளவுக்கும் வித்தியாசம் இருந்தால், எல்லைகள் தெளிவாக இருக்கும்போது நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் நம்பும். எனவே புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எல்லையையும் நடந்து பாருங்கள். பழைய பத்திரம் ஏக்கர் சென்ட்டிலும் சிட்டா ஹெக்டேர் ஏர்ஸிலும் இருக்கும்: ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர்ஸ் 2.47 சென்ட். மாற்றும்போது புள்ளி இடம் மாறினால் ‘முழுவதும்’ என்ற சொல் காப்பாற்றாது.

எழுத்தரிடம் பழைய வாசகத்தை எடுத்துவிடச் சொல்ல வேண்டியதில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு முன்னால் மேலே சொன்ன விவரங்கள் இருக்க வேண்டும்.

மாந்தோப்பை ஒரு வருடத்துக்குக் குத்தகை விட்டோம். “தோப்பில் உள்ள காய் முழுவதும்” என்று ஒப்பந்தம். அறுவடை முடிந்து போனவர், பின்னால் பிடித்த கொஞ்சம் காய்க்கும் வந்து நிற்கிறார். காற்றில் உதிர்ந்ததை நாங்கள் பொறுக்கியதற்கும் கணக்கு கேட்கிறார்.
– வாசகர், போச்சம்பள்ளி

‘முழுவதும்’ என்பதற்குப் பக்கத்தில் ‘ஒரு வருடம்’ என்று இருக்கிறது அல்லவா, சண்டை அதில்தான். தேதி போட்டு ஒரு வருடம் என்றால் அந்தத் தேதிக்குள் காய்த்த அனைத்தும் அவருடையது, பின் காயும் சேர்த்து. ‘இந்தப் பருவத்துக் காய்’ என்று இருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும். உதிர் காய் மரத்திலிருந்து வந்த காய்தான். வேறு பேச்சு இல்லாவிட்டால் அதுவும் ‘முழுவதில்’ அடங்கும் என்பதே இயல்பான வாசிப்பு. அவர் கேட்பதில் தவறில்லை.

ஒன்று மட்டும் உறுதி: ‘காய் முழுவதும்’ என்பதில் மரம் வராது, காய்ந்த கொம்பு விறகு வராது, தோப்புக்குள் நீங்கள் ஊடுபயிராகப் போட்ட கொள்ளு வராது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் மரத்தின் மேலுள்ள பழத்தையும் மரத்தில் ஓடும் சாற்றையும் அசையும் சொத்து என்றே வகுத்திருக்கிறது. மரமும் மண்ணும் வேறு கணக்கு.

அடுத்த முறை எழுத வேண்டியவை: பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா என்று வகைவாரியாக எத்தனை மரம், பூ விடும் முன்பா, பிஞ்சு பார்த்த பின்பா ஒப்பந்தம், தொடங்கும் தேதி, முடியும் தேதி, மருந்து அடிப்பது, தண்ணீர் கட்டுவது, காவல் யார் செலவு, வடு பறிக்கலாமா, உதிர் காய் யாருக்கு, ஆலங்கட்டி மழையோ பெருங்காற்றோ அடித்தால் பணத்தில் கழிவு உண்டா, எத்தனையில் எத்தனை பங்கு. வீட்டுத் தேவைக்கு என்று இரண்டு மரம் ஒதுக்குவது வழக்கம் என்றால் அந்த மரங்களில் சுண்ணாம்பு அடித்து, ‘சுண்ணாம்பு அடித்த இரண்டு நீங்கலாக’ என்று எழுதுங்கள். ‘நீங்கலாக’ என்ற சொல் ‘முழுவதும்’ என்பதற்கு வேலி போடும். ஒதுக்கியதை எழுதிவிட்டால் ஒதுக்காதது எல்லாம் அவருக்கு என்பதும் தெளிவாகிவிடும். அதை மனதில் வைத்து ஒதுக்குங்கள்.

தாத்தா உயிலில், “பீரோ, கட்டில், பாத்திரம் பண்டம் மற்றும் எல்லாப் பொருள்களும் இளைய மகளுக்கு” என்று இருக்கிறது. வங்கி டெபாசிட்டும் ‘எல்லாப் பொருள்களில்’ வரும் என்கிறார் சித்தி.
– வாசகி, கிருஷ்ணகிரி

வேறு எதுவும் உயிலில் இல்லை என்றால், சித்திக்கு அது கடினமான வழக்கு. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு நேராக இதைப் பேசுகிறது: உயிலைப் படித்தால் குறுகிய பொருளில்தான் எழுதினார் என்று தெரிந்தால், பொதுச்சொல்லை அந்தக் குறுகிய பொருளிலேயே எடுக்க வேண்டும். சட்டத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு உண்டு. கப்பலில் இருக்கும் மாலுமி ஒருவன் தங்க மோதிரம், பொத்தான்கள், துணிப் பெட்டியைத் தாய்க்கும், சிவப்புப் பெட்டி, மடக்குக் கத்தி, ‘முன்பு சொல்லாத எல்லாப் பொருள்களையும்’ கப்பல் தோழனுக்கும் எழுதி வைக்கிறான். ஊரில் அவனுக்கு இருந்த வீட்டுப் பங்கு தோழனுக்குப் போகாது. கத்தியும் பெட்டியும் இருக்கும் வரிசையில் வீடு நிற்காது என்பதே காரணம்.

உங்கள் தாத்தாவின் வரிசை வீட்டுச் சாமான் வரிசை. டி.வி., கிரைண்டர், குத்துவிளக்கு வரும். டெபாசிட் அந்த வரிசையில் இயல்பாக உட்காராது. நகை இழுபறி.

ஆனால் உயிலை ஒரு வரி மட்டும் படித்து முடிவு செய்யக் கூடாது. 82ஆம் பிரிவு முழு உயிலையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறது. வேறு இடத்தில் ‘வங்கிப் பணம் மூத்தவனுக்கு’ என்று இருந்தால் கேள்வியே இல்லை. ‘வேறு வாரிசு யாருக்கும் எதுவும் இல்லை, இவளே பார்த்துக்கொண்டாள்’ என்று முன்னுரையில் எழுதியிருந்தால் சித்தியின் வாதம் வலுவாகும்.

காலமும் ஒரு சூழல்தான். உயிலில் ‘என் நகைகள் எல்லாம்’ என்று எழுதினால், 90ஆம் பிரிவின்படி, வேறு எண்ணம் தெரியாதவரை அது இறக்கும் நாளில் இருக்கும் நகைகளைக் குறிக்கும். உயில் எழுதிய பின் வாங்கியதும் அடங்கும், விற்றது அடங்காது. அதே சொற்களைத் தான செட்டில்மென்ட்டில் எழுதினால் அன்று கையில் இருப்பது மட்டும்தான். இனி வரப்போகும் சொத்தையும் சேர்த்துத் தானம் கொடுத்தால் அந்தப் பகுதி செல்லாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 124ஆம் பிரிவு சொல்கிறது.

இனி உயில் எழுதுபவர்கள் கடைசியில் தனிப் பத்தியாக, ‘மேலே யாருக்கும் எழுதாத, எவ்வகையான அசையும் அசையாச் சொத்தும் இன்னாருக்கு’ என்று ஒரு மிச்சப் பகுதி வையுங்கள். பீரோ, கட்டில் என்ற வரிசையின் வாலில் ஒட்டாமல், தனியாக.

அண்ணன் துபாயில் இருக்கிறார். மனைகளைப் ‘பராமரிக்கவும், வரி கட்டவும், வழக்கு நடத்தவும், இன்னும் தேவையான சகல காரியங்களையும் செய்யவும்’ பவர் கொடுத்திருக்கிறார். இதை வைத்து ஒரு மனையை விற்கலாமா?
– வாசகர், ஓசூர்

முடியாது. அதிகாரப் பத்திரத்தை இறுக்கமாகத்தான் படிப்பார்கள். ‘சகல காரியங்கள்’ என்பது பராமரிப்பு, வரி, வழக்கு ஆகியவற்றுக்குத் துணையான காரியங்கள்: வக்கீல் வைக்கலாம், நகல் வாங்கலாம், வேலி போட ஆள் விடலாம். விற்கும் அதிகாரம் வேண்டுமானால் வினைச்சொற்களாக எழுதி வாங்குங்கள்: விலை பேச, கிரய ஒப்பந்தம் செய்ய, தொகை பெற்று ரசீது கொடுக்க, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட, பதிவு அலுவலகத்தில் ஆஜராகி ஒப்புக்கொள்ள. அடமானம் தேவை என்றால் அதையும் தனியாக. எந்த மனை என்று சர்வே எண், மனை எண்ணோடு.

1999இல் ஒரு கம்பெனியோடு “தருமபுரி மாவட்டம் முழுவதும்” விநியோக உரிமை ஒப்பந்தம் போட்டோம், புதுப்பித்துக்கொண்டே வருகிறோம். ஓசூர் எங்கள் எல்லையில் வராது என்கிறார்கள் இப்போது.
– வாசகர், அரூர்

1999இல் எழுதியபோது ஓசூரும் தருமபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. அதற்கு முன்னால் போனால், 1965 அக்டோபர் 2 வரை தருமபுரியே சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. உங்கள் பகுதிப் பழைய பத்திரங்களில் ‘சேலம் ஜில்லா’ என்று இருப்பது அதனால்.

பொதுவாக ஒப்பந்தச் சொல்லை அது எழுதப்பட்ட நாளின் பொருளில்தான் எடுக்க வேண்டும். எனவே மூல ஒப்பந்தம் அப்படியே நீடித்திருந்தால் ஓசூர் உங்களுடையது என்று வாதிடலாம். சிக்கல் ‘புதுப்பித்துக்கொண்டே’ என்பதில் இருக்கிறது. 2004க்குப் பின் புதிய தேதியில், புதிய தாளில், ‘தருமபுரி மாவட்டம் முழுவதும்’ என்றே கையெழுத்திட்டிருந்தால், அன்றைக்குத் தருமபுரி எது என்று எதிர்த்தரப்பு கேட்கும். ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பின்னும் ஓசூருக்குச் சரக்கு அனுப்பிய பில் இருந்தால் எடுத்து வையுங்கள். இரு தரப்பும் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்து நடந்தார்கள் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.

இனி வட்டப் பெயர்களைத் தேதியோடு எழுதுங்கள். தருமபுரி, நல்லம்பள்ளி, காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி. வட்டங்களும் பிரிவதுண்டு, அதற்காகத்தான் தேதி. ‘தருமபுரித் தொகுதி முழுவதும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்: மக்களவைத் தொகுதியில் சேலம் மாவட்டத்து மேட்டூரும் அடக்கம்.

கோயில் திருவிழா நோட்டீசில் “ஊர்ப் பொதுமக்கள் அனைவரும் வருக” என்று போட்டோம். காலனியிலிருந்து, எங்களைக் கூப்பிடவில்லையே என்கிறார்கள். ‘அனைவரும்’ என்றால் எல்லாரும்தானே?
– விழாக் குழு, பென்னாகரம் அருகில்

‘அனைவரும்’ சரிதான். அது எதை அளக்கிறது என்று பாருங்கள்: ‘ஊர்’. நம் கிராமங்களில் ஊர், காலனி என்று பிரித்துப் பேசும் பழக்கம் இருக்கும்வரை, ‘ஊர் அனைவரும்’ என்பதைக் காலனியில் இருப்பவர் வெளியே நிறுத்தும் சொல்லாகத்தான் கேட்பார். அவர் கேட்பது தவறில்லை. அந்தச் சொல் அவரிடம் அப்படித்தான் இதுவரை வந்திருக்கிறது. ஊராட்சியின் பெயரைப் போட்டு, அதில் உள்ள ஒவ்வொரு தெருவின் பெயரையும் அச்சிடுங்கள். நேரில் போய் நோட்டீஸ் கொடுங்கள். வரி வசூலிலும் குழுவிலும் இடம் இல்லாமல் நோட்டீசில் மட்டும் பெயர் வந்தால் அதையும் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள்.

ஆகிய, முதலிய, போன்ற, உள்ளிட்ட, மற்றும் பிற – இவற்றில் எதைப் போட்டாலும் ஒன்றுதானா? கடையில் ஒட்ட அறிவிப்பு எழுதுகிறோம்.
– வணிகர், தருமபுரி

ஒன்றல்ல. ‘ஆகிய’ பட்டியலை மூடும்: ‘பை, கப், தட்டு ஆகியவை தரப்படமாட்டா’ என்றால் அந்த மூன்று மட்டும், ஸ்ட்ரா கேட்டால் மறுக்க முடியாது. ‘முதலிய’ பட்டியலைத் திறந்து வைக்கும். ‘உள்ளிட்ட’ என்பதும் திறப்புதான், ஆனால் பெயர் சொன்னவை கட்டாயம் உள்ளே என்று உறுதி தரும். ‘போன்ற’ என்பது சாயலைச் சொல்வது. எது சாயல், எது இல்லை என்று வாடிக்கையாளர் உங்களோடு வாதாடுவார். மூன்றே பெயரைச் சொல்லிவிட்டு ‘முதலிய மூன்று’ என்று எழுதுவதும், ‘ஆகிய’ போட்டுவிட்டு ‘மற்றும் பல’ என்று சேர்ப்பதும் அன்றாடம் பார்க்கும் பிழைகள்.

‘மற்றும் பிற’ என்பதற்கு நீதிமன்றங்கள் ஒரு விதி வைத்திருக்கின்றன. 1972இல் அமர் சந்திர சக்கரவர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு ஐந்து நிபந்தனைகளைச் சொன்னது: குறிப்பான சொற்களின் பட்டியல் இருக்க வேண்டும், அவை ஒரே இனமாக அமைய வேண்டும், பட்டியலோடு அந்த இனம் தீர்ந்துவிடக் கூடாது, பொதுச்சொல் பட்டியலுக்குப் பின்னால் வர வேண்டும், வேறு நோக்கம் தெரியக் கூடாது. ஐந்தும் பொருந்தினால் ‘பிற’ என்பது அதே இனத்தில் அடங்கும். ‘ஆடு, மாடு, எருமை மற்றும் பிற கால்நடைகள் சந்தைக்குள் வரக் கட்டணம்’ என்றால் கழுதைக்கு வாங்கலாம், கூண்டுக் கிளிக்கு வாங்க முடியாது. ‘ஆடு, சைக்கிள், வெங்காயம் மற்றும் பிற’ என்றால் இனமே இல்லை, விதியும் உதவாது.

உங்கள் அறிவிப்பு பிளாஸ்டிக் பற்றியது என்றால் சுற்றி வளைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலை வாங்கி அப்படியே ஒட்டுங்கள்.

மழையில் சரக்கு நனைந்துவிட்டது. காப்பீட்டுக்கு எழுதும்போது ‘புளி மூட்டை முழுவதும் நனைந்தது’ என்பதா, ‘எல்லா மூட்டையும்’ என்பதா?
– வாசகர், பாப்பிரெட்டிப்பட்டி

‘முழுவதும்’ ஒரு பொருளின் உள்ளும் புறமும். ‘எல்லா’ பல பொருள்களின் எண்ணிக்கை. ‘மூட்டை முழுவதும்’ என்றால் ஒரு மூட்டை அடிவரை ஊறிவிட்டது என்று படிக்கலாம். ‘எல்லா மூட்டையும் நனைந்தன’ என்றால் மேல் சாக்கு மட்டும் ஈரமாகியிருக்கலாம் என்பார் சர்வேயர். இரண்டும் நடந்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள்: இருப்பு எத்தனை மூட்டை, அதில் நனைந்தவை எத்தனை, ஒரு மூட்டை எத்தனை கிலோ, எத்தனை மூட்டையில் ஈரம் உள்வரை போய்ப் புளி கறுத்துவிட்டது, எத்தனையைக் காயவைத்து விற்க முடியும். மூட்டையைப் பிரித்துக் கொட்டும் முன் படம் எடுத்துவிடுங்கள்.